நாங்கள் இருவரும் எழுதியது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். என் அறைக் கதவில் கம்ப்யூட்டர் பிரிவு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "மத்தவங்க எல்லாம் எங்க மேடம்?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் என்று யாரும் கிடையாது. பிரிவு, பிரிவின் தலைவர், பிரிவின் கடைநிலை ஊழியர், வயர் பிடுங்கிக்கொண்டால் மேசைக்கடியில் தவழ்கிறவர் எல்லாம் நான்தான். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குச் சிரித்து வைப்பேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது.

லாரி உள்ளே வந்ததிலிருந்து கம்பி வெளியே போகிறவரை ஆலையில் நடக்கிற எல்லாமே ஒரு மென்பொருளில் பதிவாகும். வாசல் சீட்டு, எடைமேடை, உலைக் கணக்கு, பில், எல்லாம். அந்த மென்பொருளுக்கு அடியில் ஒரு லைப்ரரி இருந்தது. புத்தகம் அடுக்கிய லைப்ரரி இல்லை. தராசிலிருந்து எடையைப் படிப்பது, லாரி எண்ணைச் சரிபார்ப்பது, சீட்டு அச்சடிப்பது போன்ற வேலைகளுக்கான நிரலை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, எங்கே தேவையோ அங்கே எடுத்துப் போட்டுக்கொள்வோம். அதற்குப் பெயர்தான் லைப்ரரி. அதை இரண்டு பேர் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி நான். இன்னொருத்தி வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது.

சென்ற வருஷம் புதிதாக ஆலை மேலாளர் ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர், அதனாலேயே அவரிடம் கோபித்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. ஒருநாள் காலை கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கு நீங்க வரலீங்கன்னா இந்த சாஃப்ட்வேர யாருங்க பாப்பாங்க?"

"நான் வராம இருந்ததே இல்லையே சார்."

"அதுதானுங்களே பிரச்சனை."

விஷயம் இதுதான். வெளியே பெரிய நிறுவனங்கள் ஆலைகளுக்கென்றே தயாராக ஃப்ரேம்வொர்க் செய்து விற்கின்றன. வாங்கி, நம் வேலைக்குத் தக்கபடி மேலே கட்டிக்கொள்ளலாம். ஒன்று அதை வாங்க வேண்டும், அல்லது எங்கள் சொந்த லைப்ரரியிலேயே ஓட்ட வேண்டும். "எதுன்னு நீங்களே முடிவு பண்ணி எழுதிக் குடுத்துருங்க. நீங்க சொல்றதுதான்" என்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளையே நீதிபதி நாற்காலியிலும் உட்கார வைத்துவிட்டு, டீ ஆறிப்போகுது குடிங்க என்றார்.

நிரல் எழுதாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? நாமே வறுத்து மிஷினில் கொடுத்து அரைத்த மிளகாய்த்தூளும் கடைப் பாக்கெட்டும் மாதிரி. பாக்கெட்டில் என்ன சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது, ஆனால் தீர்ந்துபோனால் கடைக்காரர் இருக்கிறார். வீட்டுத் தூளில் ஒவ்வொரு சாமானும் தெரியும், ஆனால் அரைக்கிறவள் படுத்துவிட்டால் அன்றைக்குக் குழம்பு கிடையாது. எந்தப் பக்கம் சொன்னாலும் எனக்கு நஷ்டம் என்று அப்போதே தெரிந்தது. எங்களுடையதே போதும் என்றால், ஓய்வு பெறும்வரை அதோடு தனியாகக் கட்டுண்டு கிடக்க வேண்டும். வெளியே வாங்குங்கள் என்றால், என் பக்கத்தில் ஒரு காலத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு அந்த ஆலையில் மிச்சமிருக்கும் ஒரே தடயத்தை நானே அழித்ததாகும். இரண்டாவதைப் பற்றி மேலாளரிடம் என்னவென்று சொல்ல?

நான் இருப்பது திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில், ஒரு மாடி வீட்டில், தனியாக. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று இங்கே எழுதப் போவதில்லை. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய், அங்கே இறங்கி, அடுத்த லைனில் ஏறித் திரும்ப வடக்கே வர வேண்டும். கடம்பத்தூருக்கு அந்தப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற என் தம்பி, "பெரியபாளையம் வழியா பஸ்ஸுல போயேன், எதுக்கு மெட்ராச சுத்திக்கினு போற?" என்பான். ஆடி மாதத்து அம்மன் கோயில் கூட்டத்தில் அந்த வழியில் தலை வைத்துப் பார்த்திருந்தால் சொல்ல மாட்டான். உண்மையான காரணம் வேறு. என்னோடு லைப்ரரி எழுதியவள் பொன்னேரியில் ஏறுவாள். அவளுக்காகத்தான் நான் ரயிலுக்குப் பழகினேன். அவள் போன பிறகு மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

அவள் ஊர் பழவேற்காட்டு ஏரியோரம் ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து ரயில் பிடிப்பாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே யாரும் சொல்லித் தராமல் அக்கா என்று கூப்பிட்டாள். அதற்கு முன் அந்த ஆலையில் நான் எல்லோருக்கும் மேடம். அவள் கொண்டுவரும் எறாத் தொக்கில் பாதி எனக்கு என்பது பேசாமலே முடிவான விஷயம். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி இரண்டாவது நிறுத்தம்தான். அதற்குள் முந்தைய நாள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று இரண்டு சண்டையாவது போட்டிருப்போம். கவரைப்பேட்டையில் ஏறுகிறவர்கள் எங்களைப் பார்த்து, இவர்கள் சொத்துத் தகராறு பேசுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எங்கள் லைப்ரரியின் பெருமையெல்லாம் எடைமேடையில் இருந்தது. எடைமேடை என்றால் லாரியே ஏறி நிற்கிற தராசு. பழைய இரும்போடு வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை. கழித்தால் இரும்பு எவ்வளவு என்று வந்துவிடும். சின்னப் பிள்ளைக் கணக்கு. ஆனால் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. சீட்டில் இருக்கிற இரும்பைவிடக் கிடங்கில் இருக்கிற இரும்பு எப்போதும் கொஞ்சம் குறைவு. திருட்டு என்று காவலாளியை மாற்றினார்கள். தராசில் கோளாறு என்று ஆள் வரவழைத்துப் பிரித்துப் போட்டார்கள். அவள்தான் ஒருநாள் காலையில் எடைமேடைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஓடி வந்தாள்.

"அக்கா, உள்ள வரசொல்ல கிளீனரு வண்டியில கீறான். லோடு எறக்கசொல்ல அவன் கேட்டாண்ட நாஷ்டா துன்ன பூட்றான். வெளிய போவசொல்ல டிரைவரு மட்டுந்தான் கீறாரு. புரியுதா உனுக்கு? கிளீனரையும் சேத்து இரும்புன்னு வாங்கிக்கினு கீறோம் நாம!"

ஒவ்வொரு லோடுக்கும் ஓர் ஆள் கனம். எங்கள் ஆலை எத்தனையோ மாதமாகக் கிளீனர்களை இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் கணக்குப் பிரிவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து அதற்கு ஒரு நிரல் எழுதினோம். ஒரு லாரியின் வெற்று எடை முன்பெல்லாம் எவ்வளவு இருந்தது என்று அது பார்க்கும். ஓர் ஆள் கனம் குறைந்தால் சீட்டு அச்சாகாது, திரையில் சிவப்பு எழுத்தில் 'கிளீனர் எங்க?' என்று வரும். எடைமேடையில் இருக்கிறவர் ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர். அதை அப்படியே மைக்கில் கத்துவார். வாயில் இட்லியோடு கிளீனர் ஓடி வருவான்.

மழைக்காலத்தில் அந்த நிரலுக்குக் கிறுக்குப் பிடித்தது. தார்ப்பாய் நனைந்தால் லாரி கனக்கும். ஆள் இறங்கிப் போனாலும் எடை குறையாது. மழை விட்டுத் தார்ப்பாய் காய்ந்த அன்று, ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது 'கிளீனர் எங்க?' என்று கேட்கும். ஒரு கிளீனர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தோ கீறேனே, இன்னும் எப்டி காட்டணும்?" என்று மைக்கைவிடச் சத்தமாகக் கத்தினான். அவள் அடைமழையில் அரை நாள் எடைமேடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்து, தலை துவட்டாமல் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் கணக்கே வேறு: ஈர எடை, காய்ந்த எடை, நேற்று மழையா இல்லையா என்று அடுக்கடுக்காய் நிபந்தனைகள். கீபோர்டில் தண்ணீர் சொட்டியது. நான் திட்டிக்கொண்டே என் துப்பட்டாவால் அவள் தலையைத் துடைத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு தப்பு வரவில்லை.

நிரலுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்காகக் கமெண்ட் என்று குறிப்பு எழுதி வைக்கலாம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். திரையில் பச்சை நிறத்தில் தெரியும். ஒழுங்கான இடங்களில் ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதுவார்கள். நாங்கள் இங்கிலீஷ் எழுத்தில் எங்கள் பேச்சையே எழுதி வைத்தோம். 'அக்கா, இத்த தொடாத, தொட்டா கேட்டு தொறக்காது' என்று அவள் எழுதியிருப்பாள். 'ஏற்கனவே தொட்டாச்சு, கேட்டு நல்லாத்தான் தொறக்குது, உன் கண்ணு தான் தொறக்கல' என்று அடியில் நான் எழுதியிருப்பேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே இப்படி எழுதிக்கொண்டோம்.

கல்யாணம் ஆகிச் சென்னைக்குப் போனாள். அங்கே பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதலில் வாரம் தவறாமல் போன் வரும். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். பிறகு எல்லோருக்கும் அனுப்புகிற விளக்குப் படம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆக ஒரு வழி இருந்திருக்கும்.

நான் மட்டும் அவளுக்கு எழுதிக்கொண்டே இருந்தேன், நிரலுக்குள். 'இந்த கோடுக்கு நீ வச்ச பேரையே வச்சிகினு கீறேன், மாத்தல.' 'இன்னிக்கு இங்க செம மழ. உன் கணக்கு சரியா வந்துச்சு.' 'அம்மாவுக்கு உடம்பு முடியல, இத்த அவசரத்துல எழுதினேன், நீ வந்து பாத்தா திட்டுவ.' படிக்க யாரும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் எழுதினேன். நாள் முழுக்க வாய் திறந்து பேசினால், எடைமேடைக்காரரிடம் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்வதும், பேசின் பிரிட்ஜில் கொய்யாக்காய் விலை கேட்பதும்தான் என் பேச்சு. மிச்சம் எல்லாம் பச்சை வரிகளுக்குப் போயிற்று.

மேலாளர் கேட்டபடி மூன்று நிறுவனங்களை வரச் சொன்னேன். முதல் இரண்டும் படம் காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது நிறுவனத்திலிருந்து வந்த காரில் முன் கதவைத் திறந்துகொண்டு அவள் இறங்கினாள். கையில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை, கொஞ்சம் பூசின உடம்பு. வாசல்வரைக்கும் போய்விட்டேன்.

"வணக்கம் மேடம், எப்படி இருக்கீங்க?" என்று கை நீட்டினாள்.

கையைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? பக்கத்தில் மேலாளர் நின்றார்.

நன்றாகத்தான் பேசினாள். திரையில் படம் மாற மாற, தங்குதடை இல்லாமல், அவள் ஊர்ப் பேச்சின் வாடைகூட இல்லாத தமிழில். ஃப்ரேம்வொர்க் எத்தனை ஆலைகளில் ஓடுகிறது, சிக்கல் வந்தால் எந்த நேரமும் யாரைக் கூப்பிடலாம், ஆள் மாறினாலும் வேலை நிற்காது, எல்லாவற்றையும் சொன்னாள். பொய் ஒன்றும் இல்லை. "இந்த மாதிரி சொந்தமா எழுதின கோடுல ரிஸ்க் என்னன்னா சார், அது எழுதினவங்களோடயே போயிடும்" என்றாள். எழுதிவிட்டுப் போனவளே இதைச் சொல்கிறாள், நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

"எங்ககிட்ட ஒண்ணு இருக்குங்க, கிளீனர் இல்லைன்னா எடை போடாது. அது உங்ககிட்ட வருமுங்களா?" என்று மேலாளர் கேட்டார்.

"தனியா கேட்டா செஞ்சு தருவோம் சார். அது கூடுதல் வேலைல வரும்."

என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் மேலாளரோடு போனார்கள். அவள் கேன்டீனுக்கு என்னோடு வந்தாள். எதிரெதிரே உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"மேடமாம் மேடம். எங்கடி கத்துக்கின இத்தெல்லாம்?"

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்ததும் பழைய முகம் வந்தது. "அவுரு பக்கத்துல நின்னுக்கினு கீறாரு, உன்ன இன்னான்னு கூப்ட சொல்ற? அக்கான்னா வேல ஆவுமா? இந்த மூணு மாசத்துக்குள்ள ஒரு ஆர்டராச்சும் புடிக்கலன்னா எனுக்கு பேஜாராயிடும்க்கா. அத்த உடு. அம்மா எப்டி கீறாங்க?"

"அம்மா போய் நாலஞ்சு வருஷம் ஆவுதுடி."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். "அய்யோ. ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணேன். உன் நம்பரு மாறிடுச்சு."

அம்மாவின் காரியத்தன்று ஏரிக்கரையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எடைமேடையிலிருந்து போன் வந்ததையும், நான் பம்ப் செட் ரூமுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எந்தப் பட்டன், எந்தப் பட்டன் என்று சொல்லிக்கொண்டிருந்ததையும், தம்பி அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை என்பதையும் சொன்னேன். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே.

"அத்த தான்க்கா நானும் சொல்றேன்" என்றாள். "காரியத்துக்குக் கூட உன்ன உட மாட்டேன்றாங்க. இன்னும் எத்தினி வருஷம் இத்த கட்டிக்கினு அழப்போற? நான் விக்க வந்தேன்னு நெனைக்காத. உன் நல்லதுக்கு சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு பிடிவாதம். இவள் ஒருமுறை உள்ளே பார்க்கட்டும், எங்கள் கையெழுத்தைப் பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும் என்று தோன்றியது. சாப்பிட்டு முடித்ததும், "வா, ஒண்ணு காட்டறேன்" என்று என் அறைக்குக் கூட்டிப் போனேன். பழையபடி பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு எடைமேடை நிரலைத் திறந்தேன். மவுஸை அவளிடமே கொடுத்தேன். வருஷக்கணக்கில் நான் அவளுக்கு எழுதியதெல்லாம் அந்தத் திரையில் இருந்தது. படிப்பாள் என்று நினைத்தேன். படித்துவிட்டு என்ன சொல்வாள் என்பதற்குக்கூட என் மனத்தில் ஒரு பதில் தயாராக இருந்தது.

அவள் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். வேலையில் இருக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எது எதைக் கூப்பிடுகிறது, எங்கே முடிகிறது என்று மட்டும். பச்சை வரிகள் மேலே ஓடி ஓடி மறைந்தன.

"கமெண்ட்ஸ் ரொம்ப ஜாஸ்தியா கீதுக்கா" என்றாள். எதையும் நின்று படிக்கவில்லை.

ஓர் இடத்தில் நிறுத்தினாள். அந்த மழைக்கால நிபந்தனைகள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது இன்னாது? எடைக்கு நடுவுல மாசத்த கொண்டாந்து வச்சிகிறாங்க? தல கால் புரியலியே. யாரு எழுதினது இத்த?"

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறாள்.

"முன்ன இங்க வேல பாத்த ஒரு பொண்ணு" என்றேன்.

"பாவம், டைம் இல்லாம எழுதிகிறா" என்றாள். "புதுசுல இதெல்லாம் தேவப்படாதுக்கா. தூக்கிடலாம்."

கார் கிளம்பும்போது மேலாளர் முன்னால் மறுபடியும் கை கொடுத்தாள். மறுபடியும் மேடம்.

அன்று சாயங்காலம் ரயிலில் எனக்கு இடம் கிடைத்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபமும் மீஞ்சூர் வரைக்கும்தான் தாங்கியது. அத்திப்பட்டில் புகைபோக்கிகள் தெரியும்போது அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவளுக்கு அதற்குப் பிறகு எத்தனை ஆலை, எத்தனை நிரல், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஒரு மழை நாளில் எழுதியதை அவள் ஏன் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்? எனக்கு அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை, அதனால் எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அதை நினைத்தபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதில் தொழில் சார்ந்த நியாயமும் ஒன்று இருந்தது. அதை மறுக்க முடியவில்லை. எழுதியவளே படித்துப் பார்த்து யார் எழுதியது என்று கேட்கிற நிரலை, நாளைக்கு வரப்போகிற எவர் படித்துப் புரிந்துகொள்வார்? நான் அதை இரண்டு பேர் எழுதியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது நான் ஒருத்தி மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஒன்று. நான் படுத்தால் அதுவும் படுத்துவிடும். ஒரு ஆலையை இப்படி ஓட்டக் கூடாது. வேறு யாராவது என்னிடம் வந்து ஆலோசனை கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் இதைச் சொல்லியிருப்பேன்.

மறுநாளே எழுதிக் கொடுத்தேன். வெளியிலிருந்து வாங்குவதே சரி, மூன்றில் மூன்றாவது நிறுவனத்தின் ஃப்ரேம்வொர்க்கே மேல் என்று. ஆள் மாறினாலும் ஓடும், கையேடு இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்று காரணங்கள். எல்லாம் நிஜமான காரணங்கள்தான். மற்ற இரண்டைவிட அது நல்ல சரக்கு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. மேலாளர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க உங்களுதத்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க. நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான் சார்."

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். மனசு பெரிசா சின்னதா என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? கையெழுத்துப் போட்டால் போதாதா?

ஒப்பந்தம் ஆன அன்று அவள் இனிப்புப் பெட்டியோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவசரமாக அடுத்த இடத்துக்குப் போனாள். வேலையைச் செய்ய வந்தவர்கள் வேறு. வந்தவர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கோ வேறு ஊரிலிருந்து திரையில் தெரிகிற சின்ன வயசு முகங்கள். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். எந்தக் கேள்விக்கும் ஓர் எண் கொடுப்பார்கள், அந்த எண்ணைச் சொல்லித்தான் மறுபடி பேச வேண்டும். மாசக்கணக்கில் உட்கார்ந்து பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றினேன்.

கிளீனர் விஷயம் வந்தபோது அவர்களில் ஒரு பெண், "டிரைவர், கிளீனர் ரெண்டு பேருமே கீழ எறங்கின பிறகு எடை போடலாமே மேடம்?" என்றாள். ரெண்டு தடவையும் வண்டியில் ஆள் இல்லாமல். அவ்வளவுதான். கம்ப்யூட்டரே தேவையில்லை, எடைமேடையில் ஒரு பலகை எழுதி மாட்டினால் போதும். மாட்டினார்கள். அதிலிருந்து ஒரு தப்பும் இல்லை, மழையிலும் இல்லை. இவ்வளவு சுலபமான வழி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அந்த மழைக்காலமே எங்களுக்கு இருந்திருக்காது.

புதியது ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் மேலாளரே என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் லீவு எடுத்துட்டு எங்கியாச்சும் போயிட்டு வாங்க. யாரும் கூப்புட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க ஏங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் தூங்கினேன். இரண்டாவது நாள் வீட்டைக் கழுவினேன். அடுத்த நாள் காலை டிபனை முடித்துவிட்டு உட்கார்ந்தபோது, செய்ய ஒன்றும் இல்லை. போன் அடிக்கவே இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பொறுக்க மாட்டாமல் நானே எடைமேடைக்குப் போட்டேன்.

"எல்லாம் சூப்பரா ஓடுது மேடம்! நீங்க எதுக்கு பேசிக்கினு கீறீங்க, ரெஸ்ட் எடுங்கோ!" என்று அவர் வழக்கம்போலக் கத்தினார். லாரி நிற்கிறது என்று வைத்துவிட்டார்.

தம்பிக்குப் போட்டேன். அறுப்பு மிஷின் வந்திருக்கிறது, அப்பால பேசறேன் என்றான். அதற்கு மேல் யார்? போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ்காரர், எலக்ட்ரீஷியன், வீட்டு ஓனர், மிச்சமெல்லாம் ஆலை சம்பந்தப்பட்ட நம்பர்கள். இத்தனை வருஷமும் வேலைதான் என்னை யாரோடும் சேர விடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வேலை விட்டுவிட்டது. சொல்லிக்கொள்ள அந்தச் சாக்கும் இல்லை.

அவளுடைய புது நம்பர் இப்போது என்னிடம் இருந்தது. ஒப்பந்தத்தில் தொடர்புக்கு என்று போட்டிருந்தார்கள். அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் பலர் பேசுகிற சத்தம், ஆபீஸில் இருக்கிறாள்.

"சொல்லுங்க மேடம். எதாவது இஷ்யூங்களா?"

சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சும்மா என்றால், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவாள். அப்புறம் கூப்பிட மாட்டாள்.

"ஒரு சின்ன சந்தேகம்" என்றேன். எடைச் சீட்டு கிழிந்துபோனால் மறுபடி எப்படி அச்சடிப்பது என்று கேட்டேன். போன வாரம்தான் அதை எடைமேடைக்காரருக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"ஓ, அதுவா மேடம், ரொம்ப ஈஸி. எழுதிக்கிறீங்களா?"

"ம்."

முதலில் எங்கே போக வேண்டும், அடுத்து எதை அழுத்த வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "கேக்குதா மேடம்?" என்றாள்.

"கேக்குது, சொல்லு" என்றேன்.